கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்: நின்றுகிடந்த பழைய காரில் செய்யக் கூடாதவை

செட்டிநாட்டில் பழைய கார்கள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பல பெரிய வீடுகள் வருஷத்தில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், படைப்பு, கும்பாபிஷேகம் என்று ஏதாவது வந்தால்தான் ஷெட்டில் இருக்கும் அம்பாசடரோ, பத்மினியோ, கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஓ வெளியே வரும். விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாவியைப் போட்டால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் திக்கும், இழுக்காது. உடனே மெக்கானிக் வருவார், "கார்புரேட்டர் அடைச்சிருக்குண்ணே, கழட்டிருவோமா?" என்பார். அவசரத்தில் நாமும் சரி என்று தலையாட்டுவோம்.

அங்கேதான் பாதி வண்டிகள் கெடுகின்றன. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவதுதான் கார்புரேட்டர். அந்தக் கலவையில் காற்று அதிகமா, பெட்ரோல் அதிகமா, அல்லது இரண்டுமே இல்லையா என்று தெரிந்துகொள்ளாமல் எந்த ஸ்குரூவிலும் கை வைக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். கண்டுபிடிக்காமல் திருகிய வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வாரம்கூட ஆகலாம்.

முதலில் பொறி, பிறகுதான் பெட்ரோல்

வண்டி மிஸ் ஆனால் கார்புரேட்டர்தான் காரணம் என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான தவறு. மாதக்கணக்கில் நின்ற வண்டியில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் முகத்தில் படலம் படிந்துவிடும். கண்டென்சர் பலவீனமாகும். பிளக் வயரை எலி கடித்திருக்கும். இவை எல்லாமே பெட்ரோல் வராதது போலவே தோன்றும். ஆகவே பாயிண்ட்டைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிபார்த்து, நல்ல நீலப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் சிந்தியிருக்கும் இடத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். வால்வைத் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியும் அப்போதே பார்த்துவிட வேண்டும். வால்வு சரியாக மூடாத இன்ஜினில் எந்த டியூனிங்கும் நிற்காது.

பொறி சரியாக இருந்தால் நான்கு பிளக்கையும் (மாருதி 800-இல் மூன்று) கழற்றி, எந்த சிலிண்டருடையது எது என்று வரிசை மாறாமல் வையுங்கள். காய்ந்த கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சாம்பல் வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரியவே இல்லை, மறுபடியும் பொறியைப் பாருங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் அது ரிங் அல்லது வால்வு கைடு தேய்மானம், அதற்கும் கார்புரேட்டருக்கும் சம்பந்தமில்லை. நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டரில்தான் ஏதோ கோளாறு. நான்குக்கும் பொதுவான ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டு) சந்தேகிக்க வேண்டியதில்லை.

பழைய பெட்ரோலை ஊற்றி வைத்தே ஸ்டார்ட் செய்வது

பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இன்ஜினைப் பற்றவைக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் அந்தப் பகுதி போய்விடும். மிஞ்சுவது பிசினாகி ஜெட்டிலும், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் ஊசி வால்விலும் ஒட்டும். போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவதும் அதே அடியிலிருந்துதான்.

அதனால் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் டேங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தாலோ, துருத்துகள் படிந்தாலோ, வார்னிஷ் மாதிரி புளித்த வாடை அடித்தாலோ மொத்தத்தையும் வடித்துவிட வேண்டும். மேலே ஐந்து லிட்டர் புதுசு ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். அடியில் நிற்கும் தண்ணீர் அதனால் எங்கும் போகாது.

எத்தனால் இன்னும் இரண்டு வேலை செய்கிறது. பழைய டேங்கின் சுவரில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த பிசினைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவருகிறது. ஆகவே முதல் சில டேங்குகளுக்கு ஃபில்டரைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். இரண்டாவது, கலவையையே மாற்றுகிறது. வெறும் பெட்ரோல் முழுதாக எரிய எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டோ பழைய கணக்கிலேயே பெட்ரோல் விடுகிறது. அதனால் வண்டி கொஞ்சம் காற்று அதிகமான பக்கத்திலேயே ஓடும். முன்பு சரியாக ஓடிய வண்டி இப்போது மெலிதாகத் திக்கினால் இதையும் கணக்கில் வையுங்கள்.

வாரம் ஐந்து நிமிஷம்

காவல்காரரிடம் சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு தடவை ஐந்து நிமிஷம் ஓடவிடச் சொல்லும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் கெடுதல். சோக் (காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடி) இழுத்து ஸ்டார்ட் செய்து, சூடேறுவதற்குள் அணைத்தால் பிளக்கில் கரி படியும், எரியாத பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் இறங்கும், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கும். மூடிய ஷெட்டில் அந்தப் புகை ஆளையே கொல்லும். மாதம் ஒரு முறை வெளியே எடுத்து, முழுச் சூடு ஏறும்படி இருபது கிலோமீட்டராவது ஓட்டிவரச் சொல்லுங்கள். முடியாதென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை வடித்துவிட்டு, சும்மா நிறுத்திவிடலாம்.

சோக் சொல்லும் சேதி

இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்று ஓடும்போது) சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் கலவையில் காற்று அதிகம். எங்கோ ஏர் எடுக்கிறது, அல்லது ஜெட் அடைத்திருக்கிறது. முன்பைவிட மோசமாகி அணைய வந்தால் பெட்ரோல் அதிகம். மிதவை மட்டம், ஊசி வால்வு, ஏர் ஃபில்டர் அடைப்பு இவற்றைப் பாருங்கள். காசில்லாத இந்தச் சோதனையை ஏன் இத்தனை பேர் செய்வதில்லை என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

காற்றுக் கசிவு என்று தெரிந்தால் இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங், கார்புரேட்டருக்கு அடியிலுள்ள பேக்கிங், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் ஹோஸ் என்ற வரிசையில் தேடலாம். ஹோஸை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பிடித்து, எதைப் பிடித்தால் ஐடிலிங் மாறுகிறது என்று கவனியுங்கள். பூஸ்டர் ஹோஸைப் பிடிக்கும்போது வண்டி நின்றபடி இருக்க வேண்டும். மேனிஃபோல்டு ஓரத்தில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்தாலும் கசிவு தெரியும். கார்புரேட்டர் கிளீனரைச் சூடான இன்ஜின்மேல் அடித்துப் பார்ப்பது பல பட்டறைகளில் சர்வசாதாரணம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கீழேயே இருக்கும் அம்பாசடரிலும் பத்மினியிலும் அது தீயை அழைப்பதுதான். கசிவு இருக்கும் இடத்தில் நட்டைப் பலங்கொண்டு முறுக்குவதும் வேண்டாம். கார்புரேட்டரின் அடித்தட்டு வளைந்துவிட்டால், அதற்குப்பின் எந்த பேக்கிங் போட்டாலும் காற்று எடுக்கும்.

கம்பியும் ஸ்குரூவும்

இவ்வளவும் பார்த்தபின் ஜெட்தான் அடைப்பு என்று உறுதியானால் கழற்றலாம். ஆனால் ஜெட்டில் கம்பி விடக் கூடாது. பித்தளை மென்மையானது. துளை மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு பெரிதானாலே கலவை மாறிவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கிளீனரில் ஊறவைத்து, காற்று பிரஷரில் ஊதுங்கள். போகாவிட்டால் புது ஜெட் போடுங்கள். எந்த ஜெட் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெயின் ஜெட்டும் ஏர் ஜெட்டும் இடம் மாறிப் போன வண்டிகள் நிறைய உண்டு.

கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்குரூவைத் தொடுமுன், அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் அடியில் உட்காருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் விழுந்து அது பயனற்றுப்போகும். சோலக்ஸ் வகைக் கார்புரேட்டரில் இந்த ஸ்குரூ ஐடிலிங்குக்கு மட்டும்தான். ஓட்டத்தில் இழுவை இல்லாததற்கு இதைத் திருகுவது வீண். பழைய அம்பாசடர்களில் இருக்கும் எஸ்யூ வகைக் கார்புரேட்டரில் கதை வேறு. அங்கே அடியிலிருக்கும் நட் ஜெட்டையே ஏற்றி இறக்குவதால் எல்லா வேகத்திலும் கலவை மாறும். எஸ்யூ வண்டி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் திக்கினால், முதலில் மேலே மூடியைத் திறந்து டேஷ்பாட்டில் (எண்ணெய் ஊற்றும் தணிப்பு உருளை) எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது சொட்டுக்கூட இருப்பதில்லை.

பெட்ரோல் வரும் வழி

திருமயம் தாண்டுவதற்குள் வண்டி இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிஷம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது. பம்பை மாற்றினாலும் அப்படியே. இப்படி ஒரு வண்டியைக் கண்டால் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை செம்மண் புழுதியில் அடைத்திருக்கிறது, அல்லது டேங்கின் காற்றுக்குழாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று வராவிட்டால் எந்த பம்பாலும் உறிஞ்ச முடியாது.

இன்னொன்று, டேங்க் பின்னால், பம்ப் முன்னால். நடுவிலுள்ள குழாயில் பம்ப் வரை உறிஞ்சும் இழுப்பு. அந்தப் பகுதியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், ஓடும்போது பெட்ரோல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். சொட்டவில்லை, ஆகவே ஒழுகவில்லை என்று நம்பிவிடாதீர்கள். பழைய ரப்பர் எத்தனாலைத் தாங்காது. எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக வாங்கி, கிளிப்போடு மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

வெயிலில் வரும் வேப்பர் லாக்கும் இதில் சேரும். சித்திரை வெயிலில் பிள்ளையார்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடி என்று நகரக்கோயில்களை ஒவ்வொன்றாகச் சுற்றும்போது, நிறுத்திய இன்ஜினின் சூடு மேலேறி, பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப்மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் கிளம்பும். துணியிலிருந்து தண்ணீர் டிஸ்ட்ரிபியூட்டரிலோ சூடான மேனிஃபோல்டிலோ வடியக் கூடாது. ஆனால் சூட்டில் இக்னிஷன் காயில் செத்துப்போனாலும் இதே அறிகுறிதான். வண்டி நின்ற அந்த நிமிஷத்திலேயே பொறியைப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆறியபின் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவது, வெளியிலிருந்து உள்ளே காற்றடித்துப் புழுதியைக் காகிதத்துக்குள் ஏற்றுவது, தரையில் தட்டுவது மூன்றும் தவறு. நின்ற வண்டியில் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலிக்கூடே இருக்கலாம், முதலில் திறந்து பாருங்கள்.

டீசல் அம்பாசடரில் குழாயில் ஏர் பிடித்திருந்தால், பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடிக்காதீர்கள். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடித்தால் மோட்டார் சூடாகும். கைப்பம்பை அடித்து, முதலில் ஃபில்டரின் ஸ்குரூவிலும் பிறகு இன்ஜெக்ஷன் பம்பிலும் குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தும்போது விரலை அருகே கொண்டுபோகக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இன்ஜெக்ஷன் வந்தபின் விற்ற மாருதிகளில் ஆக்சிஜன் சென்சார் காற்று அதிகம் என்று காட்டினால், சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்கிறது. ஹோஸ் கசிவையும் பம்ப் அழுத்தத்தையும் பார்த்தபின் சென்சாருக்குப் பணம் செலவழியுங்கள்.

எதைச் சரிசெய்தாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் புதுக்கோட்டை சாலையில் ஒரு இருபது கிலோமீட்டர் சீரான வேகத்தில் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் விசேஷத்துக்கு ஆள் ஏற்றலாம்.