பழைய ஷெஃபீல்டு சவரக்கத்தியின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய மடக்குச் சவரக்கத்தியை விற்கிறவர் பெரும்பாலும் "1800-களைச் சேர்ந்தது" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார். அது நூறு வருஷம். ஆனால் கத்தி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்ததாக இருந்தால், நல்ல படங்கள் நாலைந்து கிடைத்தாலே பல சமயம் இருபது முப்பது வருஷத்துக்குள் வயதைக் கொண்டுவந்துவிடலாம். அந்த ஊர்க்காரர்கள் கத்தியின் மேல் அவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். பெரும்பாலும் ஒரு அடையாளம் "இந்த வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க முடியாது" என்றுதான் சொல்லும், செய்த வருஷத்தை நேராகச் சொல்லாது. அதனால் முத்திரை எழுத்து, அலகின் வடிவம், பிடி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் அலகை நம்புங்கள், பிடியைக் கடைசியாக நம்புங்கள், ஏனென்றால் பிடி உடைந்தால் வேறு மாட்டுவது அந்தக் காலத்திலேயே சாதாரணம்.

வடிவத்திலிருந்து தொடங்கலாம். 18-ஆம் நூற்றாண்டுக் கத்திகளில், அலகையும் பிடியையும் சேர்க்கிற ஆணிக்குப் பின்னால் வால் இருக்காது, இருந்தாலும் ஒரு சின்ன மொட்டை மட்டும்தான். 1800-ஐ ஒட்டி அந்த வால் நீள ஆரம்பிக்கிறது, அதற்கடுத்த சில பத்தாண்டுகளில் விரல் வைத்துப் பிடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அலகும் மாறுகிறது: ஆரம்பத்தில் ஒடுக்கம், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அகலமும் கனமுமாக, கூர்ப்பக்கம் லேசாக வளைந்து சிரிப்பது மாதிரி. குறுக்கு வெட்டைப் பார்த்தால் பழையது ஆப்பு வடிவில் இருக்கும், முதுகிலிருந்து கூர் வரைக்கும் கிட்டத்தட்ட நேராக இறங்கும். இரண்டு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்து, நகத்தை வைத்தால் வளைகிற அளவுக்கு மெல்லிசாக இருந்தால், அது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி அல்லது அதற்குப் பிந்தியது. அந்த வேலையில் ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரம் முந்திக்கொண்டது.

அப்புறம் அலகுக்கும் ஆணிக்கும் நடுவில் உள்ள கழுத்து. முத்திரை இங்கேதான் இருக்கும், பூதக்கண்ணாடி இல்லாமல் பார்க்காதீர்கள். கிரீடமும் அதன் இரண்டு பக்கமும் எழுத்தும் இருந்தால் அதிர்ஷ்டம். ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர்கள் காலம், அதாவது 1830 வரை. டபிள்யூ.ஆர். என்றால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை ஏழே வருஷம், அதனால்தான் பழைய கத்தி சேர்க்கிற நாங்கள் அதைத் தேடி அலைகிறோம். வி.ஆர். என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. 20-ஆம் நூற்றாண்டிலும் ஜார்ஜ் மன்னர்கள் உண்டே என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆனால் ஆப்பு வடிவ அலகும் குட்டை வாலுமாக இருக்கிற ஜி.ஆர். கத்தியை 1910-க்குப் பிந்தையது என்று யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். வடிவத்தை முதலில் பார்க்கச் சொன்னது இதற்குத்தான்.

"காஸ்ட் ஸ்டீல்" என்று இருந்தால் அது பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் 1740-களில் ஷெஃபீல்டில் கண்டுபிடித்த மூசை எஃகை, அதாவது மண் குகையில் உருக்கி வார்த்த எஃகைக் குறிக்கிறது. "சில்வர் ஸ்டீல்" என்று இருந்தால் இன்னும் உபயோகம். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரும் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் எஃகில் வெள்ளி முதலான உலோகங்களைக் கலந்து பார்த்து, 1820-லும் 1822-லும் அதைப் பற்றி எழுதினார்கள். அதற்குப் பின்னால்தான் அந்தப் பெயர் கத்திகளில் பரவியது. வெள்ளி உண்மையில் இருக்கிறதா என்று தேடாதீர்கள், பெரும்பாலும் அது விற்பனைப் பெயர்தான்.

"இங்கிலாந்து" என்ற சொல் முக்கியம். அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது, 1891 முதல் அமலானது. ஆகவே "ஷெஃபீல்டு, இங்கிலாந்து" என்று இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பின். "மேட் இன் இங்கிலாந்து" என்று முழுசாக இருந்தால் 20-ஆம் நூற்றாண்டு. வெறும் "ஷெஃபீல்டு" மட்டும் இருந்தால் பழையதாக இருக்கலாம், ஆனால் உள்நாட்டில் விற்றவற்றுக்கு அந்தச் சட்டம் கிடையாது என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

பெரிய கம்பெனிகளுக்குத் தனித் தடயங்கள் உண்டு. ஜோசப் ராஜர்ஸ் என்றால் நட்சத்திரமும் மால்டா சிலுவையும். வாஸ்டன்ஹோம் கத்தியில் "வாஷிங்டன் ஒர்க்ஸ்" என்று இருந்தால் 1848-க்கு முன்னால் போக முடியாது, அந்தத் தொழிற்சாலைக்கு அவர்கள் போனது அப்போதுதான். வேட் அண்ட் புட்சர் அலகில் கழுகும் அமெரிக்க வாசகமும் பொறித்திருந்தால் அமெரிக்காவில் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சந்தைக்காக ஷெஃபீல்டில் செய்தது.

பெயர் சின்னதாகவோ தெரியாததாகவோ இருந்தால்தான் தேடல் சுவையாகிறது. அக்கால வணிக விவரத் திரட்டுகளை லெஸ்டர் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. ஒரே பெயர், எந்தத் தெருவில், எந்த வருஷத்தில் இருந்தது என்று வரிசையாகப் பார்த்தால் கடை திறந்ததும் மூடியதும் புரிந்துவிடும். இரண்டு பேர் கூட்டாக நடத்திய கடை என்றால் கூட்டு கலைந்த அறிவிப்பு பிரிட்டிஷ் அரசிதழான 'லண்டன் கெசட்'டில் கிடைக்கலாம். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் இதைவிட உறுதியான சான்று கிடைப்பது அரிது.

பிடிக்கு வருவோம். மாட்டுக் கொம்பு, ஆமை ஓடு, எலும்பு, தந்தம், பிறகு 1870-களிலிருந்து செல்லுலாய்டு என்ற ஆரம்பகால பிளாஸ்டிக். கட்டை விரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. சூடான ஊசி வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், அது குப்பென்று பற்றிக்கொள்ளும். தந்தத்தையும் ஆமை ஓட்டையும் தொடவே வேண்டாம், இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் சட்டச் சிக்கல். விற்கிறவர் "எலும்பு" என்று போட்டிருந்தாலும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எலும்பில் பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள் தெரியும், தந்தத்தில் தெரியாது.

வாங்குவதற்கு முன் கூர்ப்பக்கத்தின் நெருங்கிய படத்தைக் கேட்டு வாங்குங்கள். துரு முதுகில் இருந்தால் பரவாயில்லை, கூரில் குழி விழுந்திருந்தால் சவரத்துக்கு ஆகாது. மெல்லிய அலகில் மயிரிழை விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வந்ததும் பளபளவென்று ஆக்கும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். பஃபிங் மிஷினில் கொடுத்தால் முத்திரை மழுங்கிவிடும், சூட்டில் எஃகின் பதமும் போய்விடும். கறுத்த நிறம் அப்படியே இருக்கட்டும். செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்டுக் கையால் எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் மெல்லிசாகப் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், சென்னை மாதிரிக் கடற்கரை ஊர் என்றால் கட்டாயம். செல்லுலாய்டு பிடி போட்டதை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அது சிதையத் தொடங்கினால் வெளிவருகிற அமில ஆவி பக்கத்தில் உள்ள அலகுகளையும் தின்றுவிடும்.

முதல் கத்தி எது என்று கேட்டால், முத்திரை தெளிவாக உள்ள, கொம்புப் பிடி போட்ட ஒரு வி.ஆர். கத்தி. அவை இன்னும் நிறையக் கிடைக்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களும் ஏராளம்.