இணையத் தொலைபேசியில் குரல் வெட்டுகிறதா? வேகத்தை விட்டுவிட்டு அப்லோடைப் பாருங்கள்

"நெட் நன்றாக ஓடுகிறது, வீடியோ நிற்காமல் வருகிறது, போனில் பேசினால் மட்டும் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது." இந்தப் புலம்பலுக்கு உடனே கிடைக்கும் யோசனை, பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்பது. மாறாதீர்கள். ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறைகளில் ஒன்று) போகும் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 90 கிலோபிட் இருந்தால் போதும். குரலைச் சுமந்து போகும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் நேரத்துக்கு வந்து சேர்கின்றனவா என்பதுதான் கேள்வி.

சாதாரண போனை இணையத்தோடு இணைக்கும் பெட்டியான அடாப்டரை ரவுட்டரில் செருகி, டயல் டோன் வரும் வரை நீங்களே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: என்ன கோளாறு என்று பிரியுங்கள்

எதிர்முனையில் இருப்பவர் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, உங்கள் குரல் மட்டும் அங்கே வெட்டினால், முதலில் அப்லோடை, அதாவது உங்களிடமிருந்து வெளியே போகும் பாதையை, சந்தேகியுங்கள். ஒருவர் குரல் அடியோடு கேட்கவில்லை, அல்லது எடுத்து அரை நிமிடத்தில் கட் ஆகிறது என்றால் நேரே படி 4. உங்கள் குரலே உங்களுக்கு எதிரொலித்தால், கோளாறு பெரும்பாலும் எதிர்முனையில்தான் இருக்கும். ஸ்பீக்கரை அணைத்துப் பேசச் சொல்லிப் பாருங்கள்.

படி 2: வைஃபையை ஒதுக்குங்கள்

அடாப்டரை கேபிளில் இணையுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. 2.4-இல் மைக்ரோவேவ் அடுப்புகூட குறுக்கே வரும்.

படி 3: லைனுக்குச் சுமை ஏற்றி அளங்கள்

பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் சும்மா இருக்கும் லைனை அளந்தால் எல்லாமே நன்றாகத் தெரியும்.

கேபிளில் இணைத்த கணினியில் 8.8.8.8-க்கு (கூகுளின் சர்வர்) நிறுத்தாமல் பிங் ஓடவிடுங்கள்; ஒரு செய்தி போய்ப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டும். பதில் நேரம் 20 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெரிய கோப்பு ஒன்றை கிளவுடில் ஏற்றுங்கள். எண் 30, 40 என்று நின்றால் லைன் நலம். 300, 500 என்று தாவினால் குற்றவாளி சிக்கிவிட்டது. அந்தக் கோப்பின் பாக்கெட்டுகள் மோடத்தின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) வரிசைகட்டி நிற்கின்றன, உங்கள் குரலும் அதே வரிசையின் வாலில் நிற்கிறது. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும் என்கிறது ஐடியூவின் (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) ஜி.114 பரிந்துரை. வீட்டில் யாருடைய போனாவது போட்டோக்களை பேக்கப் எடுக்கத் தொடங்கினாலே அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

தீர்வு ரவுட்டரில் இருக்கிறது: க்யூஓஎஸ், அல்லது எஸ்க்யூஎம் என்று பெயரிட்ட, பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி. ஆனால் சுவிட்சைப் போட்டால் மட்டும் பல ரவுட்டர்களில் ஒன்றும் நடக்காது. உண்மையான அப்லோட் வேகத்தை அளந்து, அதில் 85 முதல் 90 விழுக்காட்டை அங்கே எண்ணாகக் கொடுக்க வேண்டும். 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் 8.5 என்று போடுங்கள். வேண்டுமென்றே குறைப்பது ஏன்? அப்போதுதான் வரிசை மோடத்தில் சேராமல் ரவுட்டரில் நிற்கும்; ரவுட்டருக்குத்தான் குரலை முன்னால் விடத் தெரியும். எண்ணைக் காலியாக விட்டாலோ கூட்டிப் போட்டாலோ பலன் பூஜ்யம். மாற்றிய பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள்.

என்னைக் கேட்டால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரவுட்டரும், அதில் வரிசையைக் கவனிக்கும் 'கேக்' அல்காரிதமும்தான். பெட்டியில் 'கேமிங் மோட்' என்று அச்சடித்து விற்பவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. சிலர் குரலை இன்னும் சுருக்கி அனுப்பும் ஜி.729 கோடெக்குக்கு மாறச் சொல்வார்கள். அப்லோட் மிகக் குறைவான லைனுக்குச் சரி, மற்றபடி குரலின் தரம்தான் குறையும்.

படி 4: எஸ்ஐபி ஏஎல்ஜி-யை அணையுங்கள்

எஸ்ஐபி என்பது இணைய அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் செய்திமுறை. அதற்கு உதவுவதற்கென்று ரவுட்டரில் வைத்த வசதிதான் இந்த ஏஎல்ஜி. அழைப்புச் செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தும், அடிக்கடி தப்பாகத் திருத்தும். ஒருவழிக் குரலுக்கு இது முக்கியக் காரணம். அரை நிமிடக் கட்டுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: அழைப்பை எடுத்த பக்கத்துச் சாதனம் மறுபக்க ஒப்புகைக்காக 32 வினாடி காத்திருந்து, வராவிட்டால் அழைப்பை முறித்துவிடும். அணைத்ததும் ரவுட்டர், அடாப்டர் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பின்சேர்க்கை: "வெளியே பேச முடிகிறது, உள்ளே வரும் அழைப்பு மட்டும் சில நேரம் அடிப்பதில்லை" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அடாப்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் ரவுட்டர் அதற்கான வழியை மூடிவிடும். அடாப்டரில் 'கீப் அலைவ்' வசதியை 20 அல்லது 30 வினாடிக்கு வையுங்கள். மோடமும் ரவுட்டர் வேலை பார்க்கிறதென்றால் அதை பிரிட்ஜ் மோடுக்கு (மோடமாக மட்டும் இயங்கும் நிலை) மாற்றுங்கள்.

இதற்காக எஸ்ஐபி செய்திகள் வழக்கமாக வரும் வாசலான 5060 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட வேண்டாம். அந்தப் போர்ட்டைத் தேடி இணையம் முழுக்கத் துழாவும் நிரல்கள் உண்டு. நடுராத்திரியில் போன் அடிக்கும், எடுத்தால் யாரும் இருக்கமாட்டார்கள். ஏற்கெனவே அப்படி அடிக்கிறதென்றால், போர்ட்டை மூடிவிட்டு, சேவை வழங்குநரின் சர்வரிடமிருந்து வரும் அழைப்புகளை மட்டும் ஏற்கும்படி அடாப்டரில் அமையுங்கள்.