கோலா உருண்டைக்குக் கறி அரைக்க எந்த மெஷின் வாங்கலாம்?

கோலா உருண்டை எண்ணெயில் பிரிந்தாலும் ரப்பர் மாதிரி வந்தாலும் பெரும்பாலும் பொட்டுக்கடலையைத்தான் குறை சொல்வோம். பல நேரம் கோளாறு கறியை அரைத்த விதத்தில் இருக்கும். மிக்ஸியில் விடாமல் ஓட்டினால் சூடேறி, கறி பசையாகிவிடும். பொரித்தபின் அது மெத்தென்று இருக்காது. மிக்ஸிதான் இருக்கிறது என்றால் ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் போடாமல், விப்பரில் இரண்டிரண்டு நொடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை அரைக்கிலோ செய்கிற வீட்டுக்கு இதுவே போதும். தனி மெஷின் வேண்டாம்.

இட்லி மாவு ஆட்டும் கிரைண்டரில் மட்டும் கறியைப் போடாதீர்கள். கல்லின் நுண்துளையில் கொழுப்பு தங்கி, அடுத்த மாவில் வாடை வரும்.

தனி மெஷினில் உள்ள பாகங்கள் கொஞ்சம்தான்: கறியைத் தள்ளும் திருகு, நாலு இலை பிளேடு, துளைபோட்ட சல்லடைத் தட்டு, எல்லாவற்றையும் இறுக்கும் மரை வளையம். கடையில் தட்டையும் பிளேடையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிளேடின் தட்டையான பக்கத்தைத் தட்டின்மேல் வைத்தால் இடைவெளி தெரியாமல் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் கறி அறுபடாமல் நசுங்கித்தான் வெளியே வரும். துளை 4 முதல் 5 மில்லிமீட்டர் உள்ள தட்டு கோலாவுக்குச் சரி. 8 மில்லிமீட்டர் தட்டும் கூட வந்தால் கொத்துக்கறி வறுவலுக்கு ஆகும்.

அளவு எண்ணில் சொல்வார்கள். 5, 8 சிறியவை. 12ஆம் எண்ணில் தட்டின் குறுக்களவு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 8 போதும். விசேஷத்துக்கு மூன்று நாலு கிலோ அரைப்பவர்கள் 12 வாங்கலாம். பெட்டிமேல் பெரிய எழுத்தில் உள்ள வாட்டை நம்ப வேண்டாம்: மோட்டார் சிக்கி நிற்கும்போது இழுக்கும் மின்சாரத்தைக்கூட அதில் போட்டிருப்பார்கள். மெஷினின் அடியில் ஒட்டிய தகட்டில் உள்ளதே ஓடும்போதுள்ள கணக்கு. பின்னோக்கிச் சுற்றும் ரிவர்ஸ் சுவிட்ச் இருப்பது நல்லது, ஏனென்றால் வெள்ளாட்டுக் கறியில் ஜவ்வு அதிகம். அது பிளேடில் நூல் மாதிரி சுற்றிக்கொள்ளும்.

கையால் சுற்றும் இரும்பு மெஷின் விலை குறைவு, உழைக்கவும் உழைக்கும். ஆனால் அதை இடுக்கிபோல் மேசை விளிம்பில் மாட்ட வேண்டும். இப்போதைய கிரானைட் மேடைக்கடியில் அலமாரி ஒட்டி இருப்பதால் பல வீடுகளில் மாட்டவே இடமிருக்காது. வாங்குமுன் அளந்து பாருங்கள்.

அரைக்கும் நாளில் எலும்பில்லாத தொடைக்கறியை எடுத்து, ஜவ்வை உரித்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டாக்கி, ஃப்ரீசரில் அரைமணி நேரம் வையுங்கள். மேல்பக்கம் விறைத்தால் போதும், கல்லாக வேண்டாம். காரைக்குடிச் சித்திரை வெயிலில் பிளேடையும் தட்டையும்கூட உள்ளே வைப்பதில் தப்பில்லை. மாட்டும்போது பிளேடின் தட்டையான பக்கம் சல்லடைத் தட்டைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கறியைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ளுங்கள். நடுவில் கூழாக வர ஆரம்பித்தால் நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சுற்றிய ஜவ்வை எடுங்கள். வளையம் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் வரும். தேங்காய், சோம்பு, கசகசாவை மெஷினில் விடாமல் மிக்ஸியில் தனியே அரைத்து, கறியோடு கையால் பிசையலாம். அரைக்கிலோ கறிக்குப் பொட்டுக்கடலை மாவு 50 கிராமில் தொடங்கி, உருண்டை பிடிக்க வருகிறதா பார்த்துக் கூட்டுங்கள்.

முடிந்ததும் ஒரு துண்டு ரொட்டியை விட்டால் உள்ளே மிஞ்சிய கறி வந்துவிடும். உடனே கழுவித் துடைத்து, இரும்புப் பாகத்தில் எண்ணெய் தடவுங்கள். அலுமினியப் பாகத்தைச் சோடா கலந்த பொடியால் தேய்த்தால் கறுத்துவிடும்.

ஸ்டாண்ட் மிக்ஸரைக் கறிக்காக மட்டும் வாங்காதீர்கள். அது மாவு பிசையவும் கேக்குக்கு அடிக்கவும் உள்ளது. கறி அரைக்கும் பாகத்துக்குப் பெரும்பாலும் தனி விலை. கேக், ரொட்டி செய்கிற வீடென்றால் சரி.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் மெஷினில் தகட்டைப் படிக்காமல் சுவிட்ச் போட வேண்டாம். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் மோட்டார் புகைந்துவிடும். கனமான டிரான்ஸ்பார்மர் வேண்டும், அந்தக் காசுக்கு இங்கேயே ஒன்று வாங்கலாம். சிங்கப்பூர், மலேசியா மெஷினுக்கு அந்தச் சிக்கல் இல்லை, பிளக்கின் முள் மட்டும்தான் வேறு.