யூஎஸ்பி டிரைவுக்குள் ஒரு லினக்ஸ் கணினி

வீட்டில் ஒரு கணினி, வேலை செய்யும் இடத்தில் இன்னொன்று, ஆனால் நான் பழகும் லினக்ஸ் மட்டும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று அது ஓடும் விர்ச்சுவல் மெஷினை (கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி) யூஎஸ்பி டிரைவிலேயே வைத்து ஓட்டுகிறேன். பெரிய வித்தை இல்லை. இத்தகைய மெஷின்களை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் புது மெஷின் உருவாக்கும்போது சேமிக்கும் ஃபோல்டராக அந்த டிரைவைக் காட்டிவிடுங்கள், அடுத்த கணினியில் அதே ஃபோல்டரில் விபாக்ஸ் (.vbox) என்று முடியும் கோப்பை 'ஆட்' கொடுத்துத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, மெஷினின் டிஸ்க் கோப்போ சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் முதலிலேயே எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவுக்கு ஃபார்மேட் செய்து மாற்றிவிடுங்கள் (உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், வேண்டியதை நகல் எடுத்துக்கொள்ளவும்). சாதாரண பென்டிரைவில் ஓடும், ஆனால் ஒரு விண்டோ திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம், யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகும் சின்ன எஸ்எஸ்டி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அப்புறம், விர்ச்சுவல்பாக்ஸ் தனக்கான டிரைவர்களை நிறுவ வேண்டியிருப்பதால் போகிற கணினியில் அட்மின் அனுமதி தேவை. அது கிடைக்காத இடத்தில் கியூஎமு (QEMU) என்ற இன்னொரு விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் கைகொடுக்கும், நிறுவாமலே ஓடும், ஆனால் நத்தை வேகம்.

டிரைவைப் பிடுங்கும் முன் உள்ளே ஓடும் லினக்ஸை முழுவதுமாக ஷட்டவுன் செய்யுங்கள். 'சேவ் ஸ்டேட்' (ஓடும் நிலையை அப்படியே சேமித்து நிறுத்துவது) கொடுத்துவிட்டு வேறு பிராசசர் உள்ள கணினியில் திறந்தால் பல நேரம் எழுந்திருக்காது.