வளரிளம் பிள்ளைகளும் டிவி, செல்போனும்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாப்கின் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றுவது, முத்தக் காட்சி வந்தால் 'உள்ளே போய்ப் படி' என்று விரட்டுவது. சேலம் அஸ்தம்பட்டி அபார்ட்மென்ட் ஆனாலும் ஏற்காட்டு எஸ்டேட் லைன் வீடு ஆனாலும் இதுதான் வழக்கம். இதனால் பிள்ளை பார்க்காமல் இருக்கப் போவதில்லை. இதையெல்லாம் வீட்டில் கேட்கக்கூடாது என்பதை மட்டும் புரிந்துகொள்ளும். அப்புறம் சந்தேகம் வந்தால் யூடியூப்தான்.

இப்படி வெளியே விடை தேடும் பிள்ளைக்குக் கிடைக்கிறவர்களில் மோசமான ஆள், நள்ளிரவு டிவியில் வரும் 'டாக்டர்'. ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரும் இதே ரகம். கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வரும், ஆண்மை போகும், குழந்தை பிறக்காது என்று மிரட்டி லேகியம் விற்பார்கள். இதற்கெல்லாம் மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இந்த வயதில் இயல்புதான். ஆனால் பயந்த பையனுக்குத் தூக்கம் கெடும், உடம்பு சோர்ந்துபோகும். 'பார், அவர் சொன்னது சரிதான்' என்று நம்பிவிடுவான். வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான். இப்படி 'ஆண்மை' மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது என்று அப்பா ஒரு முறை சொன்னால் பாதி பயம் போய்விடும்.

பெண் பிள்ளைக்கு, வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் மாதவிடாய் 21 முதல் 45 நாள் இடைவெளியில் முன்பின்னாக வரலாம். நீலத் தண்ணீர் ஊற்றிக் காட்டும் விளம்பரம் இதைச் சொல்லாது.

சினிமாவை ஒட்டுமொத்தமாகத் திட்டுவதும் வீண். 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர் இந்தச் சேலம். படம் பார்க்காதே என்றால் யார் கேட்பார்கள்? கூடவே உட்கார்ந்து பாருங்கள். வேண்டாம் என்ற பெண்ணை ஹீரோ விடாமல் துரத்தும்போது, 'நிஜத்தில் அந்தப் பொண்ணு நாளைக்கு எந்த பஸ்ஸில் போவா?' என்று கேளுங்கள். அப்படிப் பின்தொடர்வது 2013 முதல் தனிக் குற்றம்.

ஊடகம் முழுக்க விஷம் என்பதும் சரியல்ல. 'புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரமாகச் சுவர்கள் கேட்ட காலத்தில், வாய்விட்டுச் சொல்லாத விஷயத்தை டீக்கடைகளே பேசின.

மகளின் அந்தரங்கப் படம் யாரிடமாவது சிக்கிக்கொண்டது என்று தெரிந்தால் முதலில் அவளை அடிக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவள் பக்கம் நிற்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். உடல்நலச் சந்தேகங்களுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர்கள் மருத்துவ ஆலோசனை எண் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.