டிவி அலமாரிக்குள் மறைத்த கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ புது வீடு கட்டுகிறவர்கள் ஆசாரியிடம் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: ஹாலில் டிவி மட்டும் தெரிந்தால் போதும், மற்ற பெட்டிகள் கண்ணில் படக் கூடாது. செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர், ரூட்டர் எல்லாம் மைக்கா ஒட்டிய கதவுக்குப் பின்னால் போய்விடுகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் கருவி எதிரில் இருந்தவரை அது ஓடுகிறதா, நிற்கிறதா, சூடாகிறதா என்பதை வீட்டில் இருப்பவர்கள் தம்மை அறியாமலே கவனித்துக்கொண்டிருந்தார்கள். கதவை மூடியதும் அந்தக் கவனிப்பு நின்றுவிடுகிறது. அதற்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் விடுவதில்தான் பெரும்பாலான கோளாறுகள் தொடங்குகின்றன.

அதிகம் தொல்லை தருவது பவர் பொத்தான். பல ரிமோட்களில் அந்தப் பொத்தான் ‘ஆன்’ என்றோ ‘ஆஃப்’ என்றோ கட்டளையிடுவதில்லை; இருக்கும் நிலையை மாற்று என்று மட்டுமே சொல்கிறது. ஒரே பொத்தானில் டிவி, பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றும் ஓடத் தொடங்கும்படி அமைத்துவிடுகிறோம். துணை மின்நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்திய மின்சாரம் மாலையில் திரும்பி வருகிறது. டிவி அணைந்தபடியே நிற்க, செட்டாப் பாக்ஸ் தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. 7 மணிக்கு அப்பத்தா பொத்தானை அழுத்துகிறார். டிவி திரை ஒளிர்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பாக்ஸ் அணைகிறது. திரையில் ‘சிக்னல் இல்லை’. மறுபடி அழுத்துகிறார். இப்போது டிவி அணைந்து, பாக்ஸ் ஓடுகிறது. எத்தனை முறை அழுத்தினாலும் இரண்டும் ஒன்று சேராது. பாக்ஸ் எதிரில் இருந்திருந்தால் அதன் விளக்கைப் பார்த்து அவரே சரிசெய்திருப்பார்.

உங்கள் கருவிக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’ இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு (ரிமோட் அனுப்பும் கட்டளை) உண்டா என்று முதலில் தேடிப் பாருங்கள். ரிமோட்டில் அதற்கான பொத்தான் இல்லாவிட்டாலும் பல டிவிகளும் ஆம்ப்ளிஃபயர்களும் அவற்றை ஏற்கும். ‘ஆன்’ குறியீட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பினாலும் ஓடும் கருவி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்படிக் குறியீடு இல்லாத பாக்ஸுக்கு, எடுக்கும் மின்சாரத்தை அளந்து சொல்லும் ஸ்மார்ட் பிளக் கைகொடுக்கும். ஓடும்போது எத்தனை வாட், ஓய்வில் எத்தனை வாட் என்று உங்கள் கருவியிலேயே அளந்து, இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லை வையுங்கள். அந்த அளவைப் பார்த்த பிறகே பவர் குறியீடு போக வேண்டும். ஆனால் அந்த பிளக்கையே சுவிட்சாக்கி மின்சாரத்தை வெட்டுவது நல்லதல்ல. பாக்ஸ் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழும்ப நேரம் எடுக்கும். பாக்ஸ் ஒன்றுதான் என்றால், அதை அணைக்காமலே விட்டு டிவியை மட்டும் இயக்குவதே என் பரிந்துரை. சிறிது மின்சாரம் செலவாகும். வீட்டில் நிம்மதி இருக்கும்.

எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே கருவிகள் ஒன்றையொன்று எழுப்பும் சி.இ.சி. வசதியும் உண்டு. சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்.ஜி. சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன. பவர் வேலையை ஒன்று அதனிடம் விடுங்கள், அல்லது ரிமோட் குறியீடுகளிடம் விடுங்கள். இரண்டையும் ஏவினால், சி.இ.சி. எழுப்பிய கருவியைக் குறியீடு அணைத்துவிடும்.

அடுத்தது, ஒளி போகாத இடத்தில் ரிமோட் வேலை செய்யும் என்று நம்புவது. ரிமோட் அனுப்புவது சுமார் 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. அது பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கிறது. பிளைவுட்டும் மைக்காவும் அதை அப்படியே மறித்துவிடும். சாதாரணக் கறுப்புச் சாயக் கண்ணாடியும், ஸ்பீக்கர் முன்னால் கட்டும் மெல்லிய துணியும் பெரும்பாலும் வழிவிடும். முகம் தெரியும் அளவுக்குப் பிரதிபலிக்கும் கண்ணாடியை நம்ப முடியாது. கடையில் ஒரு துண்டு வாங்கி, கருவிக்கு முன் பிடித்து ரிமோட்டை அழுத்திப் பார்த்த பிறகே கதவுக்குக் கண்ணாடி வெட்டச் சொல்லுங்கள்.

மரக்கதவுதான் வேண்டுமென்றால் ஐ.ஆர். (அகச்சிவப்பு) ரிப்பீட்டர் தேவை. வெளியே தெரியும் ஒரு சிறு ‘கண்’ ரிமோட்டின் ஒளியை வாங்கும். கம்பி நுனியில் பொட்டளவு இருக்கும் எமிட்டர் அதை உள்ளே திரும்ப உமிழும். அந்த எமிட்டரைக் கருவியின் முகப்பில் உத்தேசமாக ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். முகப்பின் கறுப்புப் பகுதியில் டார்ச் அடித்து, சற்றுச் சாய்வாகப் பாருங்கள். உள்ளே சென்சாரின் சிறு குமிழ் தெரியும். எமிட்டர் அதற்கு நேராக இருக்க வேண்டும். தெரியவில்லையென்றால், ஒருவர் வெளியே ரிமோட்டை அழுத்திக்கொண்டிருக்க, எமிட்டரை முகப்பின் மேல் மெல்ல நகர்த்துங்கள். கருவி பதில் சொல்லும் இடத்தில் ஒட்டுங்கள். எமிட்டர் துடிக்கிறதா என்று அறிய மொபைலின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள். பல மொபைல்களில் வெளிர் ஊதாவாக மினுங்கும்.

வெளியே வைக்கும் கண்ணுக்கும் இடம் பார்க்க வேண்டும். மேற்கு ஜன்னலை நோக்கி இருந்தால், மாலை வெயில் நேராக விழும்போது அது திணறும். அலங்கார எல்.இ.டி. பட்டைக்குப் பக்கத்தில் வைத்தாலும் இரைச்சல் சேரலாம். எமிட்டரின் ஒளி திரும்பி இதே கண்ணில் பட்டால், தன் குரலைத் தானே கேட்டுத் திரும்பச் சொல்லும் நிலை வந்து எல்லாக் கட்டளைகளும் குழம்பும். ஒரே மாடலில் இரண்டு செட்டாப் பாக்ஸ்கள் ஒரே அலமாரியில் இருந்தால், ஒவ்வொரு எமிட்டரையும் கறுப்பு டேப்பால் மூடி ஒட்டுங்கள்; இல்லையெனில் ஹாலில் சேனலை மாற்றினால் படுக்கையறையிலும் மாறும்.

ரிப்பீட்டர் வாங்கும் முன்பே ரிமோட்டைச் சோதியுங்கள். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குகளும் பல ஆண்ட்ராய்டு பாக்ஸ்களும் புளூடூத்தில் பேசுகின்றன. அவற்றுக்கு மரக்கதவு பெரிய தடை இல்லை. ஆனால் இரும்பு ரேக்குக்குள் வைத்தால் தடுமாறும். ஃபயர் டிவி ஸ்டிக்கின் ரிமோட், ஸ்டிக்கோடு புளூடூத்திலும், டிவியின் ஒலியைக் கூட்டிக் குறைக்க அகச்சிவப்பிலும் வேலை செய்யக்கூடியது. அதனால் கேமராவில் மினுங்குவதைக் கண்டு ஸ்டிக்குக்கும் எமிட்டர் ஒட்டினால் பயன் இருக்காது.

வெப்பத்தைப் பற்றி ஆசாரியிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். கரூர், ஈரோடு பக்கம் கோடை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கதவு மூடிய பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர் அதற்கும் மேலே கொதிக்கும். கம்பி நுழைய விடும் ஓட்டை காற்றுக்குப் போதாது. கீழே ஒரு திறப்பு, மேலே பின்பக்கம் ஒரு திறப்பு, மேலே 12 வோல்ட் மின்விசிறி ஒன்று வெளியே இழுக்கும்படி, வெப்பத்தை உணர்ந்து ஓடும் சுவிட்சோடு. திறப்புகளுக்கு வலை அடியுங்கள். பல்லியும் எறும்பும் இந்த வெதுவெதுப்பைத் தேடி வரும்; பொள்ளாச்சி, கோவை பக்கம் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியையும் கொண்டுவரும்.

சுவரைப் பூசும் முன்பே டிவிக்கும் அலமாரிக்கும் நடுவே காலிக் குழாய் ஒன்று, உள்ளே நைலான் கயிற்றோடு, கூடுதலாகப் போட்டுவையுங்கள். 230 வோல்ட் கம்பியோடு ஐ.ஆர். கம்பியை ஒரே குழாயில் இழுக்கக் கூடாது. நீளமான ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குத் திசை உண்டு. எந்த முனை டிவிக்கு என்று பார்த்து இழுங்கள்.

மொபைலில் தரும் கட்டளையை வைஃபையில் வாங்கி, ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியாக அனுப்பும் வைஃபை ஐ.ஆர். கருவி வாங்கினால், அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே சேரும் என்பதைக் கவனியுங்கள். அலமாரிக்குள் வைத்த கருவி உள்ளே இருப்பதைத்தான் இயக்கும், ஏ.சி.க்கு வெளியே வேறொன்று வேண்டும். கட்டளை ஒவ்வொன்றும் இணையம் வழியாகச் சுற்றி வரும் அமைப்பானால், இணைப்பு அறுந்த இரவில் டிவியும் ஓடாது. வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும் ஹோம் அசிஸ்டன்ட் போன்ற அமைப்புக்கு அந்தக் கவலை இல்லை. கட்டளைகளை அடுத்தடுத்துக் கொட்டாதீர்கள். டிவி முழுதாக எழும்பும் முன் ‘இன்புட்’ மாற்றச் சொன்னால் அது காதில் வாங்காது. அது எழும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விடுங்கள்.

பழைய ரிமோட்களைத் தூக்கி எறியாதீர்கள். குறியீட்டைக் கற்றுக்கொடுக்க அசல் ரிமோட்தான் கடைசித் துணை. பல கருவிகளை ஒரே ரிமோட்டில் இயக்கப் பலர் நம்பியிருந்த ஹார்மனி ரிமோட்களின் தயாரிப்பையே லாஜிடெக் நிறுவனம் 2021-இல் நிறுத்திவிட்டது. கற்ற குறியீடுகளைக் கோப்பாக எடுத்துத் தனியே சேமியுங்கள். எந்த இன்புட்டில் எந்தக் கருவி என்ற தாளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ரிமோட்களின் பேட்டரியைக் கழற்றி, அவற்றையும் அங்கேயே வைத்துவிடுங்கள்.