அசிட்டோனுக்கு எந்தக் கையுறை? என் அனுபவம்

அசிட்டோன் என்னும் கரைப்பானில் உலோகப் பாகங்களைக் கழுவும் வேலை எனக்கு. வேலையிடத்தில் தந்த மெல்லிய நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறை சற்று நேரத்திலேயே விரல் நுனிகளில் உப்பித் தொளதொளவென்று ஆகிவிடும். உள்ளே விரல்கள் சில்லென்று குளிரும். ஓட்டை எதுவும் தெரியாது. அந்தக் குளிர்ச்சிதான் துப்புக் கொடுத்தது: அசிட்டோன் கையுறையை ஊடுருவி, தோல்மேல் ஆவியாகிக்கொண்டிருந்தது.

அசிட்டோனின் பாதுகாப்புத் தரவுத் தாளில் (ரசாயனத்தின் ஆபத்துகளையும் பாதுகாப்பு முறைகளையும் சொல்லும் ஆவணம்), பாதுகாப்புச் சாதனங்களைக் குறிப்பிடும் 8-ஆம் பகுதியைப் புரட்டினேன். பியூட்டைல் ரப்பர் என்றிருந்தது. கையுறைத் தயாரிப்பாளரின் ஊடுருவல் அட்டவணையையும் ஒப்பிட்டேன்; எந்த ரசாயனம் எத்தனை நிமிடத்தில் கையுறையைக் கடக்கும் என்று அது காட்டும். மெல்லிய நைட்ரைல் சில நிமிடங்கள்கூடத் தாங்காத இடத்தில், போதிய தடிமனுள்ள பியூட்டைல் 480 நிமிடங்களைத் தாண்டுகிறது. மாற்றிய பிறகு உப்பலும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

ஆனால் அதே பியூட்டைல் பெட்ரோலுக்கும் டொலுயீன் என்ற கரைப்பானுக்கும் உதவாது. எல்லா ரசாயனத்துக்கும் ஒரே கையுறை போதும் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள். அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். மேலங்கிக்கும் இதே கணக்குத்தான்.

கைகளை உயர்த்திச் செய்யும் வேலையா? கையுறையின் விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிடுங்கள். வழியும் திரவம் முழங்கைக்கு இறங்காமல் அந்த மடிப்பிலேயே தங்கும்.